இரண்டு சீட் வண்டி

1994 மார்ச் 3, வியாழன்

இந்த நோட்டை எடுத்தவர் யாராக இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்ட வேண்டாம். படித்துவிட்டால்கூடப் பரவாயில்லை, படித்ததை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சபையில் யாரிடமும் கொடுக்காதீர்கள். அங்கே ஒருவருக்குத் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் குன்னூர் முழுக்கத் தெரிந்துவிடும்.

அட்டையில் 'புவியியல், 8 ஆ' என்று இருக்கும். போன வருட நோட்டு. முன்பாதி முழுக்கப் பருவக்காற்றும் நதிகளும்தான். யாராவது பிரித்தாலும் சலித்துப்போய் மூடிவிடுவார்கள் என்று இதைத் தேர்ந்தெடுத்தேன். என் பெயர் பெர்சிஸ். ஒன்பதாம் வகுப்பு. அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அப்பா டீ ஃபேக்டரியில் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறார். அவர் தூங்கிய பிறகு போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இன்று சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "பெர்சி, ஒரு வண்டி பார்த்திருக்கேன்" என்றார்.

"என்ன வண்டி?"

"கார். பழசு. வெள்ளைக்காரன் ஊர்ல செஞ்சது. மேல தகரம் கிடையாது, துணிக்கூரைதான். வேணாம்னா மடக்கி வெச்சுக்கலாம்."

"மழை பெஞ்சா?"

"விரிச்சுக்கலாம்."

"இங்கதான் எப்பவும் பெய்யுமே?"

அப்பா சிரித்தார். அம்மா போன பிறகு சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. யாருடைய கார் என்று கேட்டேன்.

"நம்ம சபை ஜெமிமா சிஸ்டரோடது" என்று சொல்லிவிட்டு, மோர் ஊற்ற வேண்டிய சோற்றில் மறுபடியும் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

மார்ச் 5, சனி

கார் பார்க்கப் போனோம். மேல் குன்னூரில் பெட்ஃபோர்டிலிருந்து சரிவில் இறங்கினால் ஜெமிமா ஆன்ட்டி வீடு. அவருடைய கணவர் எஸ்டேட் மேனேஜராக இருந்தவர், இறந்துவிட்டார். ஆன்ட்டி தனியாக இருக்கிறார். டியூஷன் எடுக்கிறார், சபையில் ஆர்கன் வாசிக்கிறார். கணவருடைய மோதிரத்தை, கழன்று விழாமல் இருக்க நூல் சுற்றி, நடுவிரலில் போட்டிருக்கிறார். ஆர்கன் வாசிக்கும்போது அது கட்டைகளில் பட்டு டக் டக் என்று கேட்கும்.

ஷெட்டில் தார்ப்பாயை இழுத்தார்கள். கரும்பச்சை. நாய் படுத்திருக்கிற மாதிரி தரையோடு தரையாக இருந்தது. கதவு என் இடுப்புக்குக்கூட வரவில்லை. சக்கரத்தில் சைக்கிள் மாதிரி கம்பிகள். அப்பா அதன் பெயரையும் செய்த வருடத்தையும் முழுசாக, வசனம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். நான் அதை இங்கே எழுதமாட்டேன். பச்சை வண்டி, அவ்வளவுதான்.

இரண்டே சீட். பின்னால் சாமான் வைக்க ஒரு பள்ளம், அதில் ஒரு ஓட்டைக் கூடை. நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்ததை ஆன்ட்டியும் பார்த்தார்.

"பெர்சி, ஹார்ன் அடிச்சுப் பாக்கறியா?"

"வேண்டாம் ஆன்ட்டி."

"அடிம்மா, செத்துப்போன எங்க வீட்டுக்காரருக்கே கேக்கும்."

அப்பா சிரித்தார். மறுபடியும்.

எங்கள் ஊரில் பழைய வண்டி வாங்குகிற யாரும் பர்லியார் வரை மலை இறக்கி ஏற்றிப் பார்க்காமல் முடிவு சொல்லமாட்டார்கள். தட்டையான ரோட்டில் ஓடுவதை யாரும் மதிப்பதில்லை. இறங்கும்போது பிரேக்கைப் பார்ப்பார்கள், ஏறும்போது இன்ஜினை. "எப்ப சார் பர்லியார் இறக்கப் போறீங்க?" என்று ஆன்ட்டி கேட்டார். "கரீம் பாய் வேலையை முடிக்கட்டும் சிஸ்டர், அப்புறம் பார்ப்போம்" என்றார் அப்பா. கரீம் பாய்தான் மெக்கானிக்.

முக்கியமானது இனிமேல்தான். பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு செய்தித்தாள் விரித்திருந்தது. ஷெட் முழுக்கப் பழைய தூசி. அந்தத் தாள் மட்டும் புதிது, ஓரம் ஈரம். நான் குனிந்து பார்த்தபோது ஆன்ட்டி, "அதை மிதிச்சுடாதேம்மா" என்று என்னை நகர்த்தினார். அப்பா இன்ஜினுக்குள் தலையை விட்டிருந்தார். அவர் பார்க்கவில்லை.

எதையோ மறைக்கிறார்.

மார்ச் 7, திங்கள்

அப்பா வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வரவில்லை. பச்சை வண்டிக்குப் பேட்டரி சார்ஜ் போட்டார்களாம். பேட்டரியைப் பார்க்கப் போவதற்குத் தலை சீவ வேண்டுமா?

மார்ச் 9, புதன்

என் வகுப்பு நஸீமாவிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன். அவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கணக்கு வாத்தியார் மாதிரி விரல் நீட்டினாள்.

"ரெண்டு சீட்டா? கணக்கு சரியா வருதேடி. உங்கப்பாவுக்கு ஒண்ணு, ஆன்ட்டிக்கு ஒண்ணு, உனக்கு ஹாஸ்டல்ல ஒரு கட்டில்."

"வாயை மூடு."

"ஏன்டி மூஞ்சி இப்படிப் போகுது? சும்மா சொன்னேன். உங்க ஸ்கூட்டருக்கும் ரெண்டு சீட்டுதானே?"

"அது வேற."

"என்ன வேற?"

அம்மா இருந்தபோது ஸ்கூட்டரில் நான் முன்னால் நின்றுகொண்டு வருவேன். மூன்று பேரும் போவோம். பச்சை வண்டியில் முன்னால் நிற்க இடமில்லை.

மார்ச் 11, வெள்ளி

யோசித்துப் பார்த்தேன். வண்டியை விற்றதும் நாகர்கோவிலில் அக்கா வீட்டோடு போய்விடப் போவதாக ஜெமிமா ஆன்ட்டி சபையில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அப்படியென்றால் சீக்கிரம் விற்க வேண்டும்தானே? முதலில் துணிக்கூரை கிழிந்திருக்கிறது, தைக்க வேண்டும் என்றார். அப்புறம் பேட்டரி. இந்த வாரம் கார்புரேட்டர். ஒவ்வொன்றுக்கும் அப்பா போகிறார். போனால் டீ கொடுக்கிறார்களாம், டீயோடு முட்டை போண்டாவும்.

உண்மையிலேயே விற்க நினைக்கிறவர் இப்படி இழுப்பாரா?

வண்டி விற்றுவிட்டால் அவர் போய்விடுவார். எவ்வளவு சீக்கிரம் விற்கிறதோ அவ்வளவு நல்லது. வண்டியை நான் சகித்துக்கொள்வேன். வண்டிக்கு வாய் கிடையாது.

இன்று ஸ்கூலிலிருந்து நானும் நஸீமாவும் காட்டேரி அருவிப் பக்கம் நடந்து வந்தோம். போன வருடம் பிரேக் பிடிக்காமல் கேரட் லாரி ரோட்டை விட்டுப் பாய்ந்த வளைவில் இப்போது புதிதாகக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். அப்போது தேயிலைச் செடிகளுக்கு மேல் கேரட் கொட்டிக் கிடந்தது. ஊரே பை எடுத்துக்கொண்டு போனது. நானும் நஸீமாவும் போனோம். டிரைவருடைய ஒரு செருப்பு செடியில் மாட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு வெறும் பையோடு திரும்பிவிட்டோம்.

மார்ச் 13, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சட்டை மாற்றுவதற்குள் கதவு தட்டும் சத்தம். கையால் தட்டுகிற சத்தம் இல்லை. மரத்தில் உலோகம் படுகிற சத்தம், டக் டக். திறப்பதற்கு முன்பே யார் என்று தெரிந்துவிட்டது.

ஆன்ட்டி பேக்கரியிலிருந்து வர்க்கி வாங்கி வந்திருந்தார். சூடாக இருந்தது. நான் ஒன்றுகூடச் சாப்பிடவில்லை. (ஒன்று சாப்பிட்டேன்.) பிறகு பையிலிருந்து டேப் எடுத்தார்.

"பெர்சி, இப்படி ஸ்டூல்ல உட்காரு. ஒரு அளவு எடுத்துக்கறேன்."

"எதுக்கு ஆன்ட்டி?"

"பாவாடை தைக்கத்தான்."

இடுப்பை அளக்கவில்லை. ஸ்டூலிலிருந்து என் தோள் வரை அளந்தார். முதுகின் அகலத்தை அளந்தார். உட்கார்ந்தபடி முட்டியிலிருந்து பின்பக்கம் வரை அளந்தார். எந்தப் பாவாடைக்குத் தோள் உயரம் வேண்டும்? பொய் சொல்லவும் தெரியவில்லை.

கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய் நின்றேன். உள்ளே இரண்டு பேரும் குரலை இறக்கினார்கள்.

"பெர்சிக்கு இப்ப தெரிய வேணாம்" என்றார் அப்பா.

"சனிக்கிழமை அவளே தெரிஞ்சுக்கட்டும் சார்."

"அழுவாளோ?"

"அழுதா அழட்டும், நல்லதுக்குத்தானே."

பிறகு ஆன்ட்டி ஷெட்டின் மாற்றுச் சாவியையும் வண்டிச் சாவியையும் மேசைமேல் வைத்தார். வரும் சனிக்கிழமை பர்லியார். பிடித்திருந்தால் அன்றைக்கே முடிவு. கேட் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்த அப்பா, "ஜெமிமாவுக்கு உன்மேல ரொம்பப் பிரியம்" என்றார்.

ஜெமிமா. சிஸ்டர் இல்லை.

சனிக்கிழமை எனக்கு என்ன தெரியப் போகிறது?

மார்ச் 14, திங்கள்

சமையலறை அலமாரியில் இருந்த அம்மாவின் போட்டோவை என் அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். அப்பா கவனித்தார்.

மார்ச் 16, புதன்

இன்று ஒன்றும் நடக்கவில்லை. தலைவலி என்று ஸ்கூலுக்குப் போகவில்லை. முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன், உப்பு கூடிவிட்டது. துணி துவைத்தேன், காயவில்லை. மத்தியானம் ஒரு போன் வந்தது. ராங் நம்பர்.

அப்பா இரண்டாவது ஷிப்ட் முடிந்து வந்து, "போன் ஏதாவது வந்துச்சா பாப்பா?" என்று கேட்டார். தினமும் கேட்பதுதான்.

மார்ச் 18, வெள்ளி

தூக்கம் வரவில்லை. நேற்றும் வரவில்லை. கண்ணை மூடினால் கேரட் வருகிறது.

சாயங்காலம் மறுபடி ராங் நம்பர்.

நாளைக்குச் சனிக்கிழமை. நாளை முடிந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்.

மார்ச் 19, சனி

டார்ச் தேவைப்படவில்லை. ஹாலில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்பா இன்னும் வரவில்லை.

ராங் நம்பர் இல்லை. இரண்டு தடவையும் ஜெமிமா ஆன்ட்டி.

புதன்கிழமை அவர் வேகமாகப் பேசினார். "பெர்சியா? நல்லவேளை எடுத்தே. ஃபேக்டரிக்கு அடிச்சுப் பார்த்துட்டேன், லைனே கிடைக்கலை. நான் நாகர்கோவில் பஸ்ஸுக்குக் கிளம்பிட்டேன், அக்கா மகளுக்குக் கல்யாணம். அப்பா வந்ததும் ஒண்ணு சொல்லிடு. சனிக்கிழமை வண்டியை எடுக்க வேணாம். பின்சக்கரத்துல பிரேக் ஆயில் கசியுது. எந்தச் சக்கரம்னு தெரியாமதான் இத்தனை நாளா அடியில பேப்பர் போட்டு வெச்சுப் பார்த்தோம், இன்னைக்குத்தான் பிடிபட்டுச்சு. ரப்பர் வாங்க கரீம் பாய் கோயம்புத்தூர் போயிருக்காரு, திங்கட்கிழமைதான் வருவாரு. ஒண்ணுல கசிஞ்சா ஆயில் இறங்கி நாலுமே பிடிக்காமப் போயிடும்மா. மறக்காமச் சொல்லிடுவியா?"

"சொல்றேன் ஆன்ட்டி."

போனை வைத்தேன். எனக்குத் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன். கூரை, பேட்டரி, கார்புரேட்டர், இப்போது பிரேக். இன்னொரு வாரம் டீ, இன்னொரு வாரம் போண்டா. அவர் போகவே போவதில்லை. அப்பாவிடம் சொன்னால் சனிக்கிழமை தள்ளிப்போகும். சொல்லாவிட்டால் சனிக்கிழமையோடு முடியும். வழியில் வண்டி நின்றுவிட்டால் இன்னும் நல்லது, எப்படிப்பட்ட வண்டியைத் தலையில் கட்டப் பார்த்தார் என்று அப்பாவே தெரிந்துகொள்வார். பிரேக் பிடிக்காவிட்டால் வண்டி நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

நேற்று நாகர்கோவில் பூத்திலிருந்து கூப்பிட்டார். பின்னால் நாதஸ்வர ரெக்கார்டு கேட்டது.

"அப்பாகிட்ட சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேன் ஆன்ட்டி."

"என்ன சொன்னாரு?"

"சரின்னாங்க."

"அப்பாடா. எனக்கு இங்க இட்லியே இறங்கலை. நாளைக்கு ராத்திரி வந்துடுவேன், உனக்கு மட்டி வாழைப்பழம் கொண்டு வரேன்."

இன்று மத்தியானம் அப்பா போய் வண்டியை எடுத்துவந்து வாசலில் நிறுத்தினார். ஹார்ன் அடித்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்தார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். "கரீம் பாய் கடை பூட்டியிருக்கு" என்றார். "வேலையெல்லாம் முடிச்சுட்டாரு போல. ஜெமிமா ஏதாவது போன் பண்ணாங்களா?"

"இல்லப்பா."

"சரி, வா. கிளம்பு."

"நானா? நான் எங்கே உட்கார்றது?"

அப்பாவுக்கு அடக்க முடியாத சிரிப்பு. பின்பக்கம் போய், பழைய போர்வை ஒன்றை மேஜிக் காட்டுகிறவர் மாதிரி உருவினார். கூடை வைத்திருந்த பள்ளத்தில் ஒரு சின்ன இருக்கை. சிவப்பு ரெக்சின். கீழே மெத்தை, முதுகுக்குச் சாய்மானம், பிடித்துக்கொள்ள ஒரு வார். சாய்மானம் சரியாக என் தோள் உயரம். உட்காராமலே தெரிந்தது.

"ஜெமிமாதான் கையாலயே தெச்சாங்க. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு ரெண்டு பேரும் ரகசியமா வெச்சிருந்தோம். எப்படி இருக்கு? நீ இல்லாம எனக்கு எதுக்கும்மா இந்த வண்டி?"

நான் அழவில்லை. அழுவேன் என்று எதிர்பார்த்து அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயிறு வலிக்குதுப்பா" என்றேன்.

நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "அப்படின்னா இன்னைக்கு வேணாம். நாளைக்குச் சர்ச் முடிஞ்சு சேர்ந்தே போவோம்."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. சொன்னால், புதன்கிழமை ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். நேற்று ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டதாக ஏன் சொன்னாய் என்று இரண்டு பேரும் கேட்பார்கள். இப்போதுதானே போன் வரவில்லை என்றாய் என்று கேட்பார். அந்தச் சிவப்பு இருக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதையெல்லாம் கேட்க என்னால் முடியாது என்று தோன்றியது. நாளைக்கு என்றால் ஆன்ட்டி வந்துவிடுவார், எல்லாம் தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது மட்டும்தான்.

"நீங்க போயிட்டு வாங்கப்பா. நான் படுத்துக்கறேன்."

"தனியா இருப்பியா?"

"இருப்பேன்."

"மெதுவாத்தான் போவேன். அஞ்சு மணி டீக்கு வந்துடறேன். நீ போடாதே, நான் வந்து போடறேன்."

கையை ஆட்டிக்கொண்டே போனார். பிள்ளைகள் வளைவு வரை பின்னாலேயே ஓடினார்கள். வண்டி நின்றிருந்த இடத்தில் தரையில் ஈரமாக ஒரு வட்டம் இருந்தது, ஐம்பது பைசா அளவு. நான் அதைச் செருப்பால் தேய்த்தேன். அது போகவில்லை.

ஐந்து மணிக்கு டீக்குத் தண்ணீர் வைத்தேன். அது வற்றிவிட்டது. மறுபடி வைத்தேன். இருட்டியதும் ஃபேக்டரிக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை யாரும் இல்லை, வாட்ச்மேன்தான் எடுத்தார். "ஆசீர் சாரா? லீவுலம்மா" என்றார். நஸீமா வீட்டுக்கு அடித்தேன். அவளுடைய வாப்பா எடுத்தார். பேசாமல் வைத்துவிட்டேன். கீழே மூடுபனி இறங்கியிருக்கிறது. அப்பா பனிக்காக எங்கேயாவது நிறுத்தியிருப்பார். பர்லியார் கடையில் மங்குஸ்தான் வாங்கிக்கொண்டிருப்பார். பனியில் இறங்குகிற லாரிகளுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றிருப்பார்.

கேரட் லாரியைப் பற்றி முன்பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். இப்போது புரட்டிப் பார்த்தேன். பிரேக் பிடிக்காமல் என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

அப்பா வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். இந்த நோட்டையே கையில் கொடுத்துவிடுவேன். அப்பாவிடம் காட்டாதீர்கள் என்று முதலில் எழுதியதை அடித்துவிடுகிறேன். அப்பாவிடம் காட்டலாம். அப்பாவிடம் மட்டும்.

ஜெமிமா ஆன்ட்டியின் பஸ்ஸும் இந்நேரம் வந்திருக்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து வருகிறவர் மேட்டுப்பாளையத்திலிருந்துதான் மலை ஏற வேண்டும். பர்லியார் வழியாகத்தான். எல்லா வளைவையும் தாண்டித்தான். ரோட்டோரத்தில் எது நின்றிருந்தாலும் பஸ் ஜன்னலிலிருந்து தெரியும். பச்சை வண்டியை இருட்டில்கூட அவருக்கு அடையாளம் தெரியும்.

கேட் திறக்கிறது. வண்டிச் சத்தம் கேட்கவில்லை. நடந்து வருகிற சத்தம்தான், ஒரே ஒரு ஆள்.

அப்பாதான். வண்டி நின்றுபோயிருக்கும், அப்படியே விட்டுவிட்டு நடந்தே வந்திருப்பார். டீக்குத் தண்ணீர் வைக்க வேண்டும்.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவிடம் சாவி இருக்கிறதே, அவர் ஏன்

மரத்தில் மோதிரம் படுகிற சத்தம். டக் ட